இரும்புப் பெட்டிக்குள் பெருங்காயம்

"இது என்ன?"

கேட்டது ஒரு ரேஞ்சர் பெண். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தட்டைத் தொப்பி, இடுப்பில் வாக்கிடாக்கி. அவள் கை காட்டிய இடத்தில், எங்கள் முகாம் மேஜையின் ஓரத்தில், பெருங்காய டப்பா இருந்தது. மூடி இறுக்கித்தான் இருந்தது. ஆனாலும் நாலடி தள்ளி நின்றவளுக்கு வாசனை எட்டிவிட்டது.

"ஒரு செடியோட பிசின். பருப்புக்குப் போடுவோம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். வாயுவுக்கு நல்லது என்பதைச் சொல்ல நாக்கு வரவில்லை. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "இப்பவே அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்" என்றாள். குரலில் மட்டும் சிரிப்பு இல்லை.

கொலராடோ மாநிலம், ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா, கிளேசியர் பேசின் முகாம் தளம். செப்டம்பர் மாதம், மாலை ஐந்து மணி. எங்கள் 11 நாள் பயணத்தின் முதல் நாள்.

அந்தப் பெட்டியைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும். பழுப்பு நிறம் அடித்த இரும்புப் பெட்டி. பீரோவைப் படுக்கப் போட்டது மாதிரி இருக்கும். தாழ்ப்பாளைத் திறக்க, ஒரு மூடிக்குள் விரலை விட்டு அழுத்தவேண்டும். கரடியின் பாதம் அதற்குள் நுழையாது. வாசனை உள்ள எதுவும் அதற்குள்தான் இருக்கவேண்டும், கூடாரத்துக்குள் வரக் கூடாது. அரிசி, பருப்பு, ஊறுகாய் என்றால் புரிகிறது. பற்பசை? அதுவும். சோப்பு, தேங்காய் எண்ணெய், முகத்துக்குப் போடும் கிரீம், என் வீட்டுக்காரருடைய அமிர்தாஞ்சன், நான் பையில் மறந்து வைத்திருந்த ஏலக்காய் மிட்டாய் எல்லாமே. கரடியின் மூக்குக்கு முன்னால் நம் மூக்கெல்லாம் ஒன்றுமே இல்லை.

நமக்காகத்தான் இந்தக் கெடுபிடி என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை, கரடிக்காக. மனிதச் சாப்பாட்டில் ஒருமுறை ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், பயம் விட்டுப்போகும், கடைசியில் அதைச் சுட்டுக் கொல்லவேண்டியதாகிவிடும். ஒரு காலத்தில் இதே நாட்டில், யெல்லோஸ்டோன் பூங்காவில், குப்பைமேட்டுக்கு முன்னால் ஜனங்கள் உட்கார பெஞ்சு வரிசை போட்டு, கரடிகள் எச்சிலைத் தின்பதை வேடிக்கை பார்க்க வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்சிகளை 1940-களில் நிறுத்தினார்கள். குப்பைமேடுகளை ஒழித்துக் கட்ட 1970 வரை ஆனது. அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தம்தான் இந்தப் பெட்டி. நான் சரியாக மூடாத ஒரு டப்பாவால் ஒரு கரடி சாகலாம் என்று தெரிந்தபின், ராத்திரி இரண்டு முறை எழுந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். வீட்டில் காஸ் சிலிண்டரைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

நாங்கள் திருச்சிக்காரர்கள். இவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் 30 வருஷம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியவள். கல்யாணமாகி 34 வருஷம். ஊர் சுற்றாதவர்கள் இல்லை. ஆனால் எங்கே போனாலும் ஒரு வேன், பதினாலு பேர், ஒரு அண்டா புளிசாதம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று எந்த ஊருக்கும் போனதில்லை. டென்வரில் இருக்கும் மகன்தான் ஆறு மாதம் முன்பே எல்லா இடத்துக்கும் முன்பதிவு செய்து, கூடாரமும் வாங்கி வைத்திருந்தான். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, "லீவு கிடைக்கலம்மா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றான்.

"இந்த வயசுலயா?" என்றேன் நான். "கார் சாவி எங்கே?" என்றார் இவர்.

கூடாரம் அடித்ததைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நீலத் துணி, சாம்பல் துணி, மடங்கும் கம்பி நாலு, முளை பன்னிரண்டு. ரயில் பெட்டியையே பிரித்து மாட்டியவர் என்ற பெருமையில் இவர் செய்முறைத் தாளைப் பார்க்கவில்லை. வாசல் மரத்தைப் பார்த்து அமைந்துவிட்டது. முதல் இரவு பக்கவாட்டில் நுழைந்து படுத்தோம்.

ஆனால் குக்கரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முகாம் தளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 8,500 அடி. நம் தொட்டபெட்டா உச்சி 8,650 அடி. கிட்டத்தட்ட அதன் தலையிலேயே கூடாரம் போட்டுச் சமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம், துவரம்பருப்பு மட்டும் வேகாது. மகன் சிரிக்கச் சிரிக்க இரண்டு லிட்டர் குக்கரைக் கையோடு எடுத்து வந்தது அதனால்தான். இரண்டாவது விசில் வந்தபோது பக்கத்து இடத்திலிருந்து ஒரு பெரியவர் பைனாகுலரோடு ஓடிவந்தார். நெப்ராஸ்காக்காரர், மனைவியோடு வந்திருந்தார். எல்க் என்கிற பெரிய மான் இனத்துக்குச் செப்டம்பர்தான் இணை சேரும் காலம். ஆண் எல்க் தொண்டையிலிருந்து விசில் மாதிரியே நீளமாக ஒரு சத்தம் எழுப்பும். எங்கள் குக்கரை அவர் எல்க் என்று நினைத்துவிட்டார். ஏமாற்றத்தோடு நின்றவருக்கு ஒரு டம்ளர் ரசம் கொடுத்தேன். மனைவியைக் கூப்பிட்டு வந்து இன்னொரு டம்ளர் வாங்கிக்கொண்டார். அன்று இரவு உண்மையான எல்க் கத்தியது. எனக்கே குக்கர் ஞாபகம்தான் வந்தது.

மறுநாள் டிரெயில் ரிட்ஜ் சாலை. 1932-ல் திறந்தது. பூங்காவின் கிழக்கையும் மேற்கையும் 77 கிலோமீட்டரில் இணைக்கிறது. உச்சத்தில் 12,183 அடி. அமெரிக்காவில் இடைவிடாமல் ஓடும் தார்ச்சாலைகளில் இதைவிட உயரமானது கிடையாது. அக்டோபர் நடுவில் பனி மூடிவிட்டால் மே கடைசியில்தான் மறுபடி திறப்பார்கள். பல வளைவுகளில் ஓரத்தில் தடுப்பே இல்லை. இவர் வலது பக்கம் ஓட்டுவதற்குப் பழகியிருந்தாரே தவிர, பள்ளமும் வலது பக்கம்தான் இருக்கும் என்பதற்கு நான் பழகவில்லை. மேலே போகப்போக மரங்கள் குட்டையாகி, கோணலாகி, ஒரு கட்டத்தில் நின்றேவிட்டன. அதற்கு மேல் வெறும் பாறையும் விரலுயரச் செடிகளும். குறிப்பிட்ட பாதையை விட்டு இறங்காதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். மிதித்த செடி தேறிவர பல பத்தாண்டுகள் ஆகுமாம். ஒரு இளைஞன் போட்டோவுக்காக இறங்கி நடந்தான். இவர் பொன்மலைப் பணிமனைக் குரலில், "ஏய் தம்பி!" என்று ஒரு அதட்டுப் போட்டார். தமிழ் தெரியாத அந்தப் பையன் உடனே பாதைக்கு ஏறிவிட்டான்.

காற்றில் ஆக்ஸிஜன் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இவருக்குத் தலைவலி வந்தது. அமிர்தாஞ்சன் கேட்டார், அது முகாமின் இரும்புப் பெட்டியிலேயே கிடந்தது.

மேற்குச் சரிவில் இறங்கினால் ஒரு பள்ளத்தாக்கு. அதன் நடுவே ஒரு ஓடை. என்னாலேயே கல்லுக்குக் கல் கால் வைத்துக் கடக்க முடிந்தது. கொலராடோ ஆறு அதுதான். இங்கே பூங்காவின் வடக்கு முனையில் பிறந்து, ஏழு மாநிலங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, கிராண்ட் கேன்யனை அறுத்துக்கொண்டு போகிற ஆறு. இத்தனை பேர் உறிஞ்சியபின் பெரும்பாலான வருஷங்களில் கடலைத் தொடுவதே இல்லை. அகண்ட காவிரியில் மணலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

அங்கிருந்து வயோமிங் மாநிலம், ஒரு முழு நாள் ஓட்டம். தமிழ்நாட்டைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பரப்பு. ஜனத்தொகை 6 லட்சம்கூட இல்லை. எங்கள் திருச்சி மாநகரத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். ராலின்ஸ், லாண்டர், டுபாய்ஸ் என்று பெட்ரோல் பங்க் பங்க்காகக் கடந்தோம். போனில் சிக்னல் இல்லை. மடித்த வரைபடத்தை மடியில் விரித்து வழி சொல்வது என் வேலை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று 34 வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னார். வேறு சாலையே கிடையாது என்பதும் ஒரு காரணம்.

டோக்வோட்டி கணவாயைத் தாண்டி இறங்கும்போது டீட்டன் மலைகள் தெரிகின்றன. மற்ற மலைகளுக்குக் காலடியில் சின்னக் குன்றுகள் இருக்கும். இதற்கு அதெல்லாம் இல்லை. தட்டையான புல்வெளியிலிருந்து ஒரே எழுச்சியாக ஏழாயிரம் அடி. பூமியின் பிளவு ஒன்றில் ஒரு பக்கம் மேலேறி, மறுபக்கம் பள்ளத்தாக்கு கீழிறங்கிக்கொண்டே போனதால் வந்த வடிவம். உச்சி 13,775 அடி. இவர் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. சண்டை இல்லாமல் நாங்கள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அபூர்வம்.

இங்கே வரும் கரடி வேறு ஜாதி, கிரிஸ்லி. அதனால் கரடி ஸ்பிரே கட்டாயம் வாங்கச் சொன்னார்கள். நாற்பது டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தால், உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சத்து! வீட்டிலிருந்து அரைக்கிலோ மிளகாய்த் தூள் சுமந்து வந்தவளுக்கே மிளகாயை விற்றுவிட்டார்கள். கரடி கிட்டத்தில் வந்தால்தான் அடிக்கவேண்டும், காற்று நம் பக்கம் வீசினால் நமக்குத்தான் அபிஷேகம் என்று கடைக்காரர் பாடம் எடுத்தார். அன்று முதல் இவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டார். பல் தேய்க்கப் போனாலும் இடுப்பில் ஸ்பிரே.

டீட்டன் அடிவாரத்தில் ஜென்னி ஏரி, லீ ஏரி என்று இரண்டு ஏரிகள். இரண்டுக்கும் நடுவே கயிறு மாதிரி ஒடுங்கிய இன்னொரு ஏரி. பெயரே ஸ்டிரிங் ஏரி. ஏரிக்கரையில் நடக்கும்போதுதான் அவை புருஷன் பெண்டாட்டி பெயர்கள் என்று தெரிந்தது. ரிச்சர்ட் லீ இங்கிலாந்திலிருந்து வந்தவர். நீர்நாயைப் போன்ற பீவரைப் பொறி வைத்துப் பிடிப்பது தொழில். ஜென்னி ஷோஷோனி இனப் பெண். ஜென்னி என்பதே வெள்ளைக்காரர்கள் அழைத்த பெயர்தான். இருவரும் பிள்ளைகளோடு இந்த மலைகளில் கூடாரத்திலேயே குடித்தனம் நடத்தினார்கள். 1872-ல் அரசின் ஹேய்டன் அளவைக் குழு வந்தபோது வழிகாட்டியவர்கள் இவர்கள். நன்றிக்கு ஆளுக்கொரு ஏரி. நாலே வருஷத்தில், 1876-ல், பெரியம்மை வந்தது. ஜென்னியும் பிள்ளைகளும் போய்விட்டார்கள். லீ பிழைத்துக்கொண்டார்.

எங்களுக்கு இது வெறும் காட்சி. பெட்டி, ஸ்பிரே, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வைத்துக்கொண்டு பதினோரு நாள் விளையாட்டாக வாழ்ந்துவிட்டு வருகிறோம். அவளுக்கு அதுதான் வாழ்க்கை. கரையில் உட்கார்ந்து டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்தபோது ஒரு வாய்கூட இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். பசி, முழுக்கச் சாப்பிட்டோம்.

இந்தப் பள்ளத்தாக்கில் பெயர் வாங்கிய இன்னொரு தம்பதி ஓலஸ் மூரி, மார்டி மூரி. 1924-ல் அலாஸ்காவில் கல்யாணம். தேனிலவு என்பது கரிபூ மான்களை ஆராய்ந்துகொண்டே படகிலும் நாய் வண்டியிலுமாகப் போன பனிப் பயணம். பிறகு இங்கே வந்து எல்க்குகளை ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் வனாந்தரப் பாதுகாப்புச் சட்டம் 1964-ல் கையெழுத்தானபோது ஓலஸ் உயிரோடு இல்லை; மார்டி மட்டும் போய் நின்றார். அவர் 101 வயது வரை இருந்தார். கூடாரத்தில் தூங்கினால் ஆயுசு கூடும் என்று இவர் அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். நான் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

நெருப்பைச் சுற்றி ஒரு கதை

யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்கா. 1872 மார்ச் 1-ல் சட்டமானது. பரப்பு கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். நாங்கள் கூடாரம் போட்டது மேடிசன் முகாமில். ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம். இதே சங்கமத்தில் 1870 செப்டம்பரில் வாஷ்பர்ன் ஆய்வுக் குழுவினர் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, 'இந்த அதிசய பூமியைத் தனியார் கூறு போட்டுக்கொள்ள விடக் கூடாது, நாட்டுக்கே விட்டுவிடுவோம்' என்று பேசியதாகவும், தேசியப் பூங்கா என்ற யோசனை அப்படித்தான் பிறந்ததாகவும் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். வரலாற்றாசிரியர்கள் துருவிப் பார்த்ததில், அந்தச் சமயத்து நாட்குறிப்புகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பூங்கா வந்தால் பயணிகள் வருவார்கள் என்று கணக்குப் போட்ட நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் உந்துதல் பின்னால் இருந்ததற்குத்தான் ஆதாரம் கிடைத்தது. "பார்த்தியா, ரயில்வே!" என்று இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

எனக்கு அந்த இடத்தில் தோன்றியது வேறு. முகாமுக்குத் தெற்கே சில மைலில் நெஸ் பெர்ஸ் ஓடை என்று ஒன்று வந்து ஃபயர்ஹோலில் விழுகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தம்பதியின் முகாம் பயணம் இருக்கிறது.

1877 ஆகஸ்ட். மான்டானாவின் ராடர்ஸ்பர்க் ஊரிலிருந்து ஜார்ஜ் கோவன் என்ற வக்கீலும் மனைவி எம்மாவும் உறவினர், நண்பர்களோடு இங்கே கூடாரம் போட வந்தார்கள். பூங்கா உண்டாகி ஐந்தே வருஷம். ரோடு இல்லை, காவல் இல்லை. வெந்நீர் ஊற்றுகளை எல்லாம் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டிய நாள், ஆகஸ்ட் 24. அவர்களுடைய கல்யாண நாளும் அதுவே. அன்று காலை நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி இனத்தவர் முகாமுக்குள் வந்து அவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். வழியில் ஜார்ஜை மனைவியின் கண் முன்னாலேயே சுட்டார்கள். ஒரு குண்டு நெற்றியில். செத்துவிட்டார் என்று விட்டுப் போனார்கள். மறுநாள் எம்மாவையும் அவருடைய சகோதரனையும் தங்கையையும் நெஸ் பெர்ஸ் தலைவர்களே குதிரை கொடுத்து அனுப்பிவைத்தார்கள். எம்மா தன்னை விதவை என்றே நினைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஜார்ஜ் சாகவில்லை. மயக்கம் தெளிந்து எழுந்தவரை மறுபடி ஒருவன் இடுப்பில் சுட்டான். அப்போதும் சாகவில்லை. நடக்க முடியாமல் நாட்கணக்கில் கையால் தவழ்ந்தே பழைய முகாமுக்குத் திரும்பினார். சிந்திக் கிடந்த காபித் தூளைப் பொறுக்கி, காலி டப்பாவில் கொதிக்க வைத்துக் குடித்தார். பின்னால் வந்த ராணுவத்தின் ஆட்கள் கண்டெடுத்தார்கள். மண்டையில் பதிந்திருந்த குண்டை எடுத்து, பைக்கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டாராம். கணவனும் மனைவியும் 1901-ல் மறுபடியும் இங்கே சுற்றுலா வந்தார்கள்.

இந்தக் கதையை இங்கே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வகுப்பில் நான் நிறுத்தமாட்டேன். நெஸ் பெர்ஸ் மக்கள் வேட்டையாட வந்தவர்கள் அல்ல. சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டுக் குழந்தை குட்டிகளோடு ஓடிக்கொண்டிருந்தவர்கள். இரண்டே வாரம் முன்பு, ஆகஸ்ட் 9 விடியற்காலை, பிக் ஹோல் என்ற இடத்தில் அவர்கள் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தபோது ராணுவம் சுட்டது. பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். ஆயிரம் மைலுக்கு மேல் ஓடி, கனடா எல்லைக்கு 40 மைல் இருக்கும்போது அக்டோபர் 5-ல் சரணடைந்தார்கள். அந்த வருஷம் இந்த மலைகளில் கூடாரம் போட்டவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினரின் பெயர் நமக்குத் தெரிகிறது.

இதையெல்லாம் இவரிடம் சொல்லி முடித்தபோது எங்கள் நெருப்பு அணைந்து கரியாகியிருந்தது. "இனிமே படுக்கப்போற நேரத்துல சரித்திரம் வேண்டாம்மா" என்றார்.

சோப்புக்குப் போன ராத்திரி

அன்றைக்கே காற்றுமெத்தை இறங்கிவிட்டது. மணி ஒன்று இருக்கும். முதுகில் கல் குத்தி எழுந்தேன். வெளியே உறைபனி, பாட்டில் தண்ணீரின் மேலே மெல்லிய ஐஸ் ஏடு. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க இவருக்குச் சோப்புத் தண்ணீர் வேண்டும். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கே பஞ்சர். சைக்கிள் கடை வித்தை. ஆனால் சோப்பு இரும்புப் பெட்டியில். பெட்டி முப்பது தப்படி தள்ளி.

இரண்டு பேரும் போனோம். இவர் கையில் டார்ச், என் கையில் மிளகாய் ஸ்பிரே. மேலே அவ்வளவு நட்சத்திரம். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை இருந்தது. இவர் அதைச் சுற்றிப்போக ஒரு எட்டு வைத்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னங்க, சாயங்காலம் இங்க பாறை இல்லீங்க."

டார்ச்சைத் தாழ்த்தினார். பாறை மூச்சு விட்டது. அந்தக் குளிரில் மூக்கிலிருந்து ஆவி இரண்டு புகைக்குழாய் மாதிரி வந்தது. பைசன், அமெரிக்கக் காட்டெருமை. ஒரு ஆணுக்கு 900 கிலோ வரை எடை இருக்கும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மனிதனைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். பூங்காவில் கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர், பைசனிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி. நாங்கள் நின்றது பத்து மீட்டரில். பகலில் சாலையை மறித்துக்கொண்டு இவை கூட்டமாக நடந்தபோது, எங்கள் தெருவில் மாடு நிற்கிற மாதிரிதான் என்று இவர் வேடிக்கை பேசினார். 1902-ல் இந்தப் பூங்கா முழுக்கத் தேடினாலும் இரண்டு டஜன்தான் மிஞ்சியிருந்ததாம்; சுட்டே தீர்த்திருந்தார்கள். அந்த இரண்டு டஜனின் வாரிசுகளில் ஒன்று எங்கள் சோப்பின் மேல் சாய்ந்துகொண்டு அசைபோட்டது.

பின்வாங்கினோம். திரும்பாமல், பின்னால் பின்னால் கால் வைத்து. இவர் என் கையைப் பிடித்திருந்தார். கூடாரத்துக்கு வந்து, இறங்கிப்போன மெத்தையின் மேல் இருந்த துணியெல்லாம் போட்டுக்கொண்டு படுத்தோம். இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. மூன்று மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்: மகனுக்கு ஜுரம் வந்த ஒரு தீபாவளி, விற்றுவிட்ட எடமலைப்பட்டிப்புதூர் மனை, செத்துப்போன என் அண்ணன். வீட்டில் இருக்கும்போது பேசவே நேரமில்லாத விஷயங்கள் என்று சொல்லமாட்டேன். நேரம் இருந்தது. டிவியும் இருந்தது.

காலையில் பார்த்தால் பாறை இல்லை. சாணம் மட்டும் இருந்தது.

மீதி இடங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சுற்றிலும் பெஞ்சு போட்டு, ஜனம் போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பதைப் பார்த்தபோது பழைய கரடிக் காட்சி ஞாபகம் வந்துவிட்டது. கிராண்ட் பிரிஸ்மாட்டிக் அப்படியில்லை. 370 அடி அகலத்தில் நடுவில் நீலம், ஓரம் ஓரமாகப் பச்சை, மஞ்சள், துருச் சிவப்பு. ஓரத்து நிறங்கள் வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் தருபவை. இதே பகுதியின் ஊற்று ஒன்றிலிருந்து 1966-ல் தாமஸ் பிராக் எடுத்த நுண்ணுயிரின் நொதிதான் பிற்பாடு பிசிஆர் சோதனைக்கு அடிப்படை ஆனது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அதன் வேர் இந்தத் தண்ணீரில் இருக்கிறது. மரப்பலகைப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. இந்த ஊற்றுகளில் வெந்து இருபது பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

கிரிஸ்லியையும் பார்த்தோம். ஹேய்டன் பள்ளத்தாக்கில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்தவருடைய பைனாகுலரில், ஒரு பழுப்புப் புள்ளியாக. எங்களை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி நாள் காலையில் கூடாரத்தைப் பிரித்தோம். வந்த சுவடு தெரியாமல் விட்டுப் போகவேண்டும் என்பது விதி. பாத்திரம் கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றக் கூடாது. அதற்கென்று தொட்டி இருக்கிறது. வடிகட்டிச் சக்கையைக் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியில் போடவேண்டும். குனிந்து தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு கருவேப்பிலை. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பன்னிரண்டு முளையையும் எண்ணினார், பதினொன்றுதான் இருந்தது. அரைமணி நேரம் தேடினோம். வாசலைப் பிடிக்கும் முளை, பைசன் படுத்த இடத்தில் முழுக்க மண்ணுக்குள் இறங்கியிருந்தது. எப்படி அங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: முகாம் இடங்களுக்கு அரசின் முன்பதிவு பெரும்பாலும் ஆறு மாதம் முன்பு திறக்கும், கோடைக்கான இடங்கள் நம் தட்கல் டிக்கெட் மாதிரி நிமிடங்களில் தீர்ந்துவிடும். செப்டம்பர் நல்ல மாதம், குளிருக்குத் துணிந்தால். நாங்கள் போனபோது வருடாந்திர பாஸ் எல்லோருக்கும் 80 டாலர். 2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவருக்கு அது 250 டாலர். பாஸ் இல்லாத வெளிநாட்டவர் ராக்கி மவுண்டன், டீட்டன், யெல்லோஸ்டோன் ஆகிய இந்த மூன்று பூங்காக்கள் உட்பட பதினொன்றில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்டவேண்டும். இரண்டு பேர் இரண்டு பூங்காவுக்குப் போவதானாலே பாஸ்தான் லாபம். கரடி ஸ்பிரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேதான் வாங்கவேண்டும். குக்கரை மறக்காதீர்கள். பெருங்காயம் தாராளமாக எடுத்துப் போகலாம். சமைத்து முடித்ததும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.